ஆஸ்பத்திரிக்கு எதிரே

லாஸ் ஏஞ்சலஸின் தெற்குப் பகுதியில் வில்லோபுரூக் ரயில் நிலையம். இரண்டு ரயில்கள் இங்கே சந்திக்கின்றன. ஒன்று மேலே, 105ஆம் எண் நெடுஞ்சாலையின் நடுவில் ஓடுகிறது. இன்னொன்று கீழே தரையில், லாங் பீச்சிலிருந்து வருகிறது. காலை ஏழரை மணிக்கு இரண்டிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் இறங்குகிறார்கள்.

முதலில் சத்தம்தான் வருகிறது. பிறகு படிக்கட்டு நிறையக் கால்கள். கறுப்பினப் பிள்ளைகளும் மெக்சிக்கோ, எல் சல்வடோர் வழிவந்த பிள்ளைகளும்தான் பெரும்பாலும். ஒரு பெண்ணின் கையில் ஓட்டை போட்டு வளையம் கோத்த அட்டைக் கட்டு. படியில் இறங்கிக்கொண்டே திருப்புகிறாள். பக்கத்தில் வருகிற தோழி கேள்வி கேட்கிறாள்.

"ஏழாவது நரம்பு?"

"முக நரம்பு."

"பத்தாவது?"

"வேகஸ்."

"அது எதுவரைக்கும் போகுதுடி?"

"வயிறு வரைக்கும்."

மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளையும் ரயில் நிலையப் படிக்கட்டிலேயே முடித்துவிட்டார்கள். கீழே ஒரு மெக்சிக்கோ அம்மாள் தள்ளுவண்டியில் தமாலே விற்கிறார். சோளமாவுக்குள் கறியை வைத்து, சோளத்தோலில் சுற்றி ஆவியில் அவித்த பலகாரம். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சூடு பொறுக்காமல் கை மாற்றி மாற்றிப் பிள்ளைகள் தெற்கே நடக்கிறார்கள். நானும் சற்றுப் பின்னால் நடக்கிறேன். யாரிடமும் எதுவும் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. பார்க்கத்தான் வந்தேன்.

வில்மிங்டன் அவென்யூவில் ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போகிறது. இந்த ஊரில் ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு யாரும் தலை திருப்புவதில்லை. ஒரு பையன் மட்டும் நின்றான். அது எந்த வாசலுக்குத் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி நடந்தான்.

கிழக்கு 120ஆம் தெருவுக்கு வந்து சேர்ந்தால் ஒரே பார்வையில் மூன்று கட்டடங்களும் தெரிகின்றன. ஒன்று கிங்/ட்ரூ மேக்னட் உயர்நிலைப் பள்ளி. மருத்துவத்தையும் அறிவியலையும் மையமாக வைத்துப் பாடம் நடத்தும் அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது. இன்னொன்று மார்ட்டின் லூதர் கிங் சமூக மருத்துவமனை. மூன்றாவது சார்ல்ஸ் ஆர். ட்ரூ மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். பதினான்கு வயதில் இந்தத் தெருவுக்குள் நுழையும் ஒரு பிள்ளை, தெருவை விட்டு வெளியே போகாமலேயே டாக்டராகி, இதே தெருவில் நோயாளியைத் தொட முடியும். இது முன்பே இருந்த வசதியல்ல. ட்ரூ பல்கலைக்கழகம் தனக்கே சொந்தமான எம்.டி. படிப்பைத் தொடங்கியது 2023இல்தான். முதல் வகுப்பில் 60 பேர். அதற்கு முன்பு, எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து, யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துதான் டாக்டர்களை உருவாக்கிக்கொண்டிருந்தது.

பள்ளி வாசலில் காவலர் இருக்கிறார். வெளியாளுக்கு உள்ளே வேலையில்லை. அது சரிதான். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றாலே போதுமானது தெரிகிறது. கார்கள் வரிசையாக வந்து நின்று பிள்ளைகளை இறக்குகின்றன. ஒரு லாரி ஓட்டுநர் அப்பா, ராத்திரி வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார் போல, கண்கள் சிவந்திருக்கின்றன. மகள் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. அவள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அதற்கும் அவர் அசையவில்லை. மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகள் தூரத்துப் பேட்டைகளிலிருந்து வருகின்றன. அவற்றில் வருகிற பிள்ளைகள் விடியலுக்கு முன்பே எழுந்திருக்க வேண்டும்.

இவ்வளவு தூரத்திலிருந்து ஏன் வருகிறார்கள் என்பதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் அடைபட்டுக் கிடப்பது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது, அதைச் சரிசெய் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் லாஸ் ஏஞ்சலஸ் கல்வி வாரியத்துக்குச் சொன்னது. வழக்குத் தொடுத்தது 1963இல். பிள்ளைகளைக் கட்டாயமாகப் பேருந்தில் ஏற்றி வேறு பேட்டைக்கு அனுப்பும் திட்டம் 1978இல் வந்தது. பெற்றோரின் கோபத்தில் மூன்று வருடம்கூட நிற்கவில்லை. நின்றது மேக்னட் பள்ளிகள்தான். ஒரு துறையில் சிறப்பான பாடத்திட்டம் வை, தரமான ஆசிரியர்களைப் போடு, யாரும் வற்புறுத்தாமல் பிள்ளைகள் தாமே வருவார்கள் என்பது யோசனை. கிங்/ட்ரூ பள்ளி 1982இல் அந்த வரிசையில் பிறந்தது.

இங்கே நுழைவுத் தேர்வு இல்லை. இந்தப் பள்ளியைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு முதல் காரணம் இதுதான். விண்ணப்பம் போட வேண்டும். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி நெரிசலாக இருந்தால் 4 புள்ளி. அந்தப் பள்ளியில் வெள்ளையர் அல்லாத பிள்ளைகளே பெரும்பான்மை என்றால் 4 புள்ளி. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இங்கே படித்தால் 3. சென்ற வருடம் இடம் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் நின்றிருந்தால் அதற்கு 4. அதன் பிறகு குலுக்கல். பிள்ளையின் மதிப்பெண் அந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை உயிரியலில் எவ்வளவு எடுத்தது என்பதை வைத்து, அது நோயாளியின் கையைப் பிடிக்கத் தகுதி உள்ளதா என்று முடிவு செய்ய இந்தப் பள்ளி மறுக்கிறது. வடிகட்டி எடுத்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேர் வாங்குவது எளிது. குலுக்கலில் வந்த பிள்ளைகளுக்கு வேதியியலும் உடற்கூறும் சொல்லிக்கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்புவதுதான் ஆசிரியர் வேலை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வேலை இந்தத் தெருவில் நடக்கிறது. எல்லாரும் டாக்டராவதில்லை. நர்ஸாகிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள், ஆய்வகத்தில் ரத்தத்தைப் பரிசோதிக்கிறார்கள், மருந்துக்கடை வைக்கிறார்கள், வேறு எதற்கோ போகிறார்கள். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி என்பது டாக்டர்களால் மட்டும் நடப்பதில்லை.

மணி அடித்ததும் தெரு காலியாகிவிட்டது. நான் ஆஸ்பத்திரிப் பக்கம் கடந்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு. வெயில் ஏறும்வரை அங்கே உட்காரலாம்.

இந்த இடத்திலிருந்து மேற்கே நடந்தே போகிற தூரத்தில் அவலான் தெரு. 1965 ஆகஸ்ட் 11ஆம் தேதி மாலை, அந்தத் தெருவோரம் கார் ஓட்டி வந்த ஒரு கறுப்பின இளைஞரைப் போலீஸ் நிறுத்தியது. கூட்டம் கூடியது, கைகலப்பானது, அவருடைய தாயாரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆறு நாள் வாட்ஸ் பகுதி எரிந்தது. 34 பேர் செத்தார்கள். ஆயிரத்துக்கு மேல் காயம். கைதானவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். அடங்கிய பிறகு, இது ஏன் நடந்தது என்று விசாரிக்க மாநில ஆளுநர் ஒரு குழுவை வைத்தார். மக்கோன் குழு என்று பெயர். வேலையில்லை, பள்ளிகள் சரியில்லை, போலீஸ்மேல் நம்பிக்கையில்லை என்றெல்லாம் எழுதியவர்கள், இன்னொன்றையும் எழுதினார்கள்: இந்த மக்களுக்கு முறையான மருத்துவ வசதி இல்லை. மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனை பத்து மைலுக்கு அப்பால் இருந்தது. கார் இல்லாதவர்கள் பேருந்து மாறி மாறிப் போக வேண்டும். பிரசவ வலி எடுத்தவளுக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு அந்தப் பத்து மைல் எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரி கட்டக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று 1966இல் மாவட்ட வாக்காளர்களைக் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை. பிறகு வேறு வழியில் பணம் தேடி, 1968இல் வேலையைத் தொடங்கி, 1972இல் திறந்தார்கள். கிங் சுடப்பட்ட வருடத்தில் தொடங்கிய கட்டடத்துக்கு அவர் பெயரே அமைந்தது. அதனோடு சேர்ந்த மருத்துவக் கல்விக்கு ட்ரூவின் பெயர்.

ட்ரூவைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தெருவைக் கடக்க முடியாது. சார்ல்ஸ் ட்ரூ 1904இல் வாஷிங்டனில் பிறந்தவர். ஓட்டப்பந்தயம், கால்பந்து எல்லாவற்றிலும் பேர் வாங்கியவர். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தார். ரத்தத்தைக் கெடாமல் சேர்த்துவைப்பது எப்படி என்பதுதான் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வு. இரண்டாம் உலகப்போரில் 1940இல் பிரிட்டனின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, நியூயார்க்கில் ரத்தம் சேகரித்து, அதிலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து, தொற்றில்லாமல் கப்பலில் அனுப்பும் வேலை அவர் மேற்பார்வையில் நடந்தது. ஆயிரக்கணக்கான லிட்டர் போனது. எங்கே எடுத்தாலும், யார் எடுத்தாலும் ஒரே முறை, ஒரே தரம், ஒவ்வொரு புட்டிக்கும் சோதனை என்ற ஒழுங்கை அவர் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுவதும் ரத்த வங்கிகள் அந்த ஒழுங்கில்தான் நிற்கின்றன. 1941இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் முன்னோடி ரத்த வங்கிக்குத் தலைமை ஏற்றார். சில மாதங்களில் விலகி, ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கத் திரும்பிவிட்டார்.

அந்த வருடக் கடைசியில் ராணுவத்துக்கான ரத்த சேகரிப்பில் கறுப்பர் ரத்தமே வேண்டாம் என்றார்கள். பிறகு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தனியாக வைக்க வேண்டும் என்றார்கள். ரத்த வங்கியைக் கட்டி எழுப்பிய மனிதரின் ரத்தம் வெள்ளைச் சிப்பாய்க்கு ஆகாது! இதற்கு விஞ்ஞானத்தில் எந்த ஆதாரமும் இல்லை என்று ட்ரூ பகிரங்கமாகச் சொன்னார். செஞ்சிலுவைச் சங்கம் அந்தப் பிரிவினையைக் கைவிட்டது 1950இல். அதே 1950 ஏப்ரல் 1ஆம் தேதி காலை, டஸ்கீகி ஊரில் நடக்கும் இலவச மருத்துவ முகாமுக்குச் சக டாக்டர்களோடு காரில் போகையில், வட கரோலினாவில் வண்டி கவிழ்ந்து ட்ரூ இறந்துபோனார். வயது 45.

வெள்ளையர் ஆஸ்பத்திரி சேர்க்க மறுத்ததால் ரத்தம் போய்ச் செத்தார் என்று ஒரு கதை அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கிறது. அது உண்மையல்ல. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் வெள்ளை டாக்டர்கள் தம்மால் முடிந்த எல்லாவற்றையும் செய்தார்கள். காயம் பிழைக்கக்கூடியதாக இல்லை. ஆனால் அதே வருடம் டிசம்பரில், அதே வட்டாரத்தில், விபத்தில் அடிபட்ட ஒரு கறுப்பினக் கல்லூரி மாணவரை, கறுப்பருக்கான படுக்கை காலியில்லை என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியது. அவர் பிழைக்கவில்லை. போர்முனையிலிருந்து திரும்பி வந்து படித்துக்கொண்டிருந்தவர் அவர். ட்ரூவின் பெயரில் ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்தது அவர் கதையைத்தான், அவரைப் போன்ற பலர் கதையைத்தான்.

ரத்த வங்கியைவிட, இளம் கறுப்பின அறுவை மருத்துவர்களைப் பயிற்றுவித்ததையே ட்ரூ தம் வாழ்நாள் வேலையாகக் கருதினார். ஆகவே ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர் வைத்தது பொருத்தம்தான்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சக்கர நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒன்றில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. கட்டுப் போட்ட அந்த முனையின்மேல் தொப்பியைக் கழற்றி வைத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், பாதம் முழுக்கக் கட்டு. தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் சர்க்கரை நோய் கால்களைத்தான் தின்கிறது. இந்த ஆஸ்பத்திரியின் அறுவை அரங்கில் அதிகம் நடப்பது சர்க்கரைப் புண்ணைச் சுத்தம் செய்வதும் விரலையோ பாதத்தையோ எடுப்பதும்தான். வேளாவேளைக்குப் பார்க்க ஒரு டாக்டர் பக்கத்தில் இருந்தால் வராத புண்கள் இவை. காப்பீட்டில் பணம் குறைவாக வருகிறது, அதனால் டாக்டர்கள் இந்தப் பகுதியில் கடை விரிப்பதில்லை. நோய் முற்றிய பிறகு எல்லாரும் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். அந்தப் பிரிவு எத்தனை பேருக்கென்று கட்டப்பட்டதோ அதைப்போலப் பல மடங்கு பேர் வருகிறார்கள். 2020 கடைசியில் கொரோனா உச்சத்தில் இருந்தபோது வெளியே கூடாரம் போட்டுப் படுக்க வைத்தார்கள்.

இது பழைய ஆஸ்பத்திரி அல்ல. 1972இல் திறந்தது 2007இல் படுக்கைகளை மூடிவிட்டது. கவனக்குறைவு, தவறான மருந்து, கேட்பாரற்ற நிர்வாகம் என்று வருடக்கணக்கில் புகார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் தொடராக எழுதி 2005இல் புலிட்சர் பரிசு வாங்கியது. 2007 மே மாதம் ஒரு பெண்மணி அவசரப் பிரிவின் காத்திருப்பு அறைத் தரையில் வலியில் துடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கிடந்தார். துப்புரவுப் பணியாளர் அவரைச் சுற்றித் தரையைத் துடைத்துக்கொண்டு போனது காமிராவில் பதிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளிருந்தே அவசர உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு போக ஆள் அனுப்பச் சொல்லி. அவர் செத்துப்போனார். ஆகஸ்டில் மத்திய அரசு பணத்தை நிறுத்தியது, கதவு மூடப்பட்டது.

அந்த வருடம் எதிர்ப்பக்கத்தில் பதினோராம் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பார்க்கிறேன். எந்த ஆஸ்பத்திரியைக் காட்டி இந்தப் பள்ளியில் சேர்த்தார்களோ அது மூடிக்கிடக்கிறது. வகுப்பறையில் இதயத்தின் நான்கு அறைகளை வரைந்துகொண்டிருக்கிறாள். வீட்டில் யாருக்கோ நெஞ்சுவலி என்றால் மறுபடியும் அதே பத்து மைல். நிறையப் பேர் அப்போது சொன்னார்கள், இந்தப் பேட்டையில் எதுவும் உருப்படாது என்று. பள்ளிக்கூடம் மூடவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் தற்காலிக அறைகளில் நடந்து, தொண்ணூறுகளின் கடைசியில் சொந்தக் கட்டடத்துக்கு வந்த பள்ளி அது. ஆஸ்பத்திரி இல்லாத எட்டு வருடமும் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு வகுப்பை முடித்து அனுப்பிக்கொண்டே இருந்தது. 2015இல், 131 படுக்கைகளோடு, புதிய நிர்வாகத்தின் கீழ் ஆஸ்பத்திரி திறந்தபோது, உள்ளே வேலைக்கு எடுக்க இந்த மண்ணின் பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். ஜனங்கள் கலவரத்துக்குப் பிறகு கேட்டது ஆஸ்பத்திரியை. அது வந்து, கெட்டு, மூடி, மறுபடி வந்திருக்கிறது. யாரும் கேட்காமல் பின்னால் வந்த பள்ளிக்கூடம் ஒரு நாளும் இடத்தைக் காலி செய்யவில்லை. இந்தப் பள்ளியை மாணவர்களுக்குக் கொடுத்த வாய்ப்பாக மட்டும் நான் பார்க்கவில்லை. எதிரே சக்கர நாற்காலியில் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாரே, அவருக்குக் கொடுத்த வாக்காகப் பார்க்கிறேன். தன் பேச்சு தெரிந்த, தன் தெருவில் வளர்ந்த ஒரு கை தன்னைத் தொட வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில் என்ன தப்பு?

மதியம் மூன்றரைக்குப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். காலையில் இருந்த வேகம் இல்லை. சிலர் ரயிலுக்கு ஓடினார்கள். ஒரு சிறு கூட்டம் தெருவைக் கடந்து ஆஸ்பத்திரிக்குள் போனது. கழுத்தில் தன்னார்வலர் அட்டை. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். வரவேற்பு மேசையில் ஒரு பெண்மணி அவர்களுக்கு வேலை சொல்கிறார். ஒரு பையனுக்குச் சக்கர நாற்காலிகளைத் துடைக்கும் வேலை கிடைத்தது. கைப்பிடி, இருக்கை, கால்வைக்கும் பலகை, கடைசியாகச் சக்கரம் என்று ஒரு முறை வைத்துத் துடைத்தான். ஒரு சின்னப் பெண் ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த ஒரு முதியவருக்கும் மேசைக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பேசினாள். முதியவர் அவளை "மீஹா" என்று கூப்பிட்டார், தன் பேத்தியைக் கூப்பிடுவது போலவே. எங்கே வலிக்கிறது என்று அவள் கேட்டதற்கு, அவர் அவளிடம்தான் சட்டையைத் தூக்கிக் காட்டப் போனார். அவள் சட்டென்று கையைத் தடுத்து, "உள்ளே நர்ஸ் பார்ப்பாங்க தாத்தா, அவங்ககிட்ட நான் சொல்றேன்" என்றாள். பதினாறு வயதில் அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று வியந்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு ஒரு கறுப்பின மூதாட்டி வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார், கையில் மருந்துப் பை. பள்ளியிலிருந்து ஒரு பையன் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பேரன்.

"காலையில சுகர் பார்த்தீங்களா, பாட்டி?"

"பார்த்தேன், பார்த்தேன்."

"எவ்வளவு?"

"நல்லாத்தான் இருந்துது."

"நம்பரைச் சொல்லுங்க."

பாட்டி பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "இருநூத்திப் பத்து."

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"பீச் காப்ளர். கொஞ்சூண்டுதான்."

பீச் பழம் போட்டுச் சுடும் இனிப்பு அது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு, நடைபாதையில் மண்டியிட்டு, பாட்டியின் ஷூவைக் கழற்றினான். பாட்டி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றார். அவன் காலுறையையும் கழற்றிக் குதிகாலைத் தடவிப் பார்த்தான். ஒவ்வொரு விரலாக விரித்து நடுவில் பார்த்தான். சுண்டுவிரல் பக்கம் ஒரு இடத்தைத் தொட்டு, "இங்க தொடறது தெரியுதா?" என்றான். தெரிகிறது என்றார். "இங்க?" கொஞ்ச நேரம் கழித்து, தெரிகிறது என்றார்.

"நீ எப்பதான் எனக்கு மருந்து எழுதிக் கொடுப்ப?"

"இங்க ரெண்டு வருஷம். காலேஜ் நாலு. மெடிக்கல் நாலு. அப்புறம் ஆஸ்பத்திரியில மூணு வருஷம் பயிற்சி. பதிமூணு."

"அப்ப எனக்கு எண்பத்தி நாலு."

"ஆமா."

"சரி, காப்ளரை விட்டுர்றேன். ஞாயித்துக்கிழமை மட்டும்."

"ஞாயித்துக்கிழமையும் பாதிதான்" என்று சொல்லிக்கொண்டே அவன் அடுத்த காலின் ஷூவைக் கழற்றத் தொடங்கினான்.